மேல் லைனுக்கு நெருப்பு

எங்கள் எஸ்டேட்டில் ‘லைன்’ என்றால் வீடு. தொழிலாளர் குடியிருப்புகள் ஒரே கூரையின்கீழ் வரிசையாக ஒட்டியிருக்கும். நாங்கள் இருந்தது மேல் லைனில். அதற்கும் மேலே சரிவு முழுவதும் ஆளுயர லாலான் புல். அதைத் தாண்டினால் திரிங்காப் என்ற ஊரின் காய்கறித் தோட்டங்கள்.

எழுபதுகளின் இறுதியில், மழையே இல்லாத ஒரு மாதத்தின் மாலையில், கங்காணி வாசல் வாசலாக நின்று அறிவித்தார்.

“நாளைக்குக் காலையில மேல் லைன்ல ஃபயர் லைன் போடுறாங்க. கோழியெல்லாம் தூரமாக் கொண்டு போயிருங்க. துரை ஆர்டர்லா.”

அவருக்கு அவசரம். உடனே கீழ் லைனுக்கு இறங்கிவிட்டார்.

பள்ளியில் ஆங்கிலத்துக்கு அதிக மதிப்பெண் வாங்குபவள் நான்தான். வயது பன்னிரண்டு. பக்கத்து வீட்டு அத்தை என்னைப் பிடித்து நிறுத்தினார்.

“பாப்பா, அப்படின்னா என்னா?”

“ஃபயர்னா நெருப்பு. லைன்னா லைன்.”

இதில் பிழை இருப்பதாக எவருக்கும் தோன்றவில்லை. முந்தைய ஆண்டுதான், கறையான் அரித்த பழைய லைன் ஒன்றை இடித்துப் பலகைகளை அங்கேயே எரித்திருந்தார்கள். அங்கே இருந்தவர்களில் சிலருக்கு மட்டுமே புது வீடு கிடைத்தது. அப்பா அப்போது உயிரோடு இல்லை. கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவரை நம்பி எங்களுக்கு இன்னொரு வீடு தருவார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

விடிந்தபோது மேல் லைன் முழுவதும் திடலில் கிடந்தது: மெத்தைகள், தையல் மெஷின், சாமி படங்கள், கூடைக்குள் கோழிகள். அம்மா எதையும் எடுக்கவில்லை. நாங்கள் ‘சங்குல்’ என்று சொல்லும் மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

ஈரச் சாக்குகளும் மண்ணெண்ணெயுமாக ஆட்களோடு கங்காணி வந்தார்.

“என்னம்மா, சங்குல தூக்கிக்கிட்டு உக்காந்திருக்க?”

“வீட்ட எரிக்கிறதுன்னா என்னையும் சேத்து எரிங்கண்ணே.”

“வீடா? மேல இருக்கிற புல்லும்மா! வீடுன்னு எவன் சொன்னான்?”

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு திடலே என்னைப் பார்த்தது.

ஃபயர் லைன் என்பது, பெருந்தீ வருமுன் நாமே எரித்து வைக்கும் ஒரு பட்டை நிலம். இரண்டு ஓரங்களிலும் புல்லைச் செதுக்கி, காற்று எழுமுன் தீ வைத்தார்கள். ஓரம் தாண்டிய நெருப்பை ஈரச் சாக்கால் அடித்து உள்ளே திருப்பினார்கள். பத்து மணிக்குள் சரிவின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை கிடந்தது. மெத்தைகள் வீடு திரும்பின.

இரண்டு வாரம் கழித்து, காய்கறித் தோட்டமொன்றில் குப்பைக்கு வைத்த தீ கைமீறிச் சரிவில் இறங்கியது. கறுப்புப் பட்டைவரை வந்தது. அங்கே தின்ன ஒன்றும் இல்லை, நின்றுவிட்டது. எங்கள் கூரையிலிருந்து கல்லெறியும் தூரம்.

லாலானின் வேர் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். மழை விழுந்ததும் கரியின்மேல் முதலில் முளைப்பதும் அதுதான். ஆகவே ஆண்டுதோறும் அதே இடத்தை எரிக்க வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் கங்காணியும் எங்கள் வாசலில் சற்று அதிக நேரம் நின்றார்.

“ஃபயர் லைன். புல்லு. வீடு இல்லலா.”

எட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன; இப்போது நான் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கிறேன். சென்ற விடுமுறையில் தீ வைக்கும் நாளன்று ஊரில் இருந்தேன். காலையிலேயே அம்மா சாமி படத்தைக் கழற்றித் திடலுக்கு எடுத்துச் சென்றுகொண்டிருந்தார். புல்லைத்தானே எரிக்கிறார்கள் என்றேன்.

“அத நீ சொல்லாத,” என்றார்.