நெத்திலி வராத வீடு

எழுபதுகளில் தூத்துக்குடிக்கு வடக்கே ஒரு கடலோரப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். நான் பிறந்து வளர்ந்தது ஆற்றங்கரைப் பெருமாள் கோயில் அக்கிரகாரத்தில். மீனென்றால் கோயில் குளத்தில் பொரி போட்டுப் பார்த்ததோடு சரி. பிள்ளைகளுக்கு இரக்க குணம் வரவேண்டும் என்று, மீன்பிடிக்கிற அந்த ஊரில் நான் பொறுக்கியெடுத்த படக்கதைப் புத்தகம் எது தெரியுமா? வலையில் மாட்டிய அம்மா மீன், "குஞ்சுகள் பசியோடு காத்திருக்கும், என்னை விட்டுவிடு" என்று அழுகிற கதை. புத்திசாலித்தனத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை.

குரலை ஏற்றி இறக்கி வாசித்தேன். வகுப்பே மூக்கை உறிஞ்சியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வாரக் கடைசியில், முன்பெஞ்சில் இருக்கும் ஒரு சிறுமியின் அம்மா வந்தார். மீன் விற்கிறவர். கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்:

"டீச்சர், எம்மவ மீனத் தொடமாட்டேங்கா. குழம்ப ஊத்துனா தட்டத் தள்ளிட்டு அழுவுதா. வெறுஞ்சோத்தத் தின்னு பிள்ளைக்குக் கண்ணெல்லாம் உள்ள போயிட்டு. கதையாலதான வந்துச்சு, நீங்களே சரி பண்ணுங்க."

மீனே சாப்பிடாத நான், மீன் சாப்பிடு என்று எந்த வாயை வைத்துக்கொண்டு சொல்வது? அதனால் அடுத்த வகுப்பில் கதையை நீட்டினேன். மீனை விட்டுவிட்டு வெறுங்கையோடு வருகிறார் மீனவர். வீட்டில் அவர் மகளுக்கும் பசி. "இப்போது என்ன செய்யலாம்?" என்று வகுப்பைக் கேட்டேன். சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

"உங்க தயிர்சோத்தக் குடுங்க டீச்சர்" என்றான் ஒருவன். மற்றவர்கள் மீன் கட்சி, மகள் கட்சி என்று பிரிந்து சண்டை போட்டார்கள்.

அந்தச் சிறுமி மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாள். புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்குவதற்காக, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தை மாதா கோயிலில் அவள் பழகிக்கொண்டிருந்த வருஷம் அது.

"டீச்சர், மீன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத் திங்கலாமா?"

"தாராளமாக" என்றேன், விட்டது தொல்லை என்று. மத்தியானம் வீட்டுக்குப் போய் மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்தபடி வந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து அவள் அம்மாவைப் பள்ளிக்கூட வாசலில் பார்த்தேன். பிள்ளை சாப்பிடுகிறாளா என்று விசாரித்தேன்.

"நல்லாத் திங்கா டீச்சர். ஆனா ஒவ்வொரு மீனுகிட்டயும் தனித்தனியா மன்னிப்புக் கேக்கணுங்கா. அவ முடிக்குமட்டும் வீட்டுல ஒருத்தரும் தட்டுல கை வைக்கக் கூடாது. சட்டி நெறையப் பொடி நெத்திலி ஆக்குன அன்னைக்குச் சோறு ஆறி வெறச்சே போச்சு."

"அப்புறம்?"

"அவ அப்பா நெத்திலியே கொண்டு வாரதில்ல. ஏலத்துக்குப் போற பெரிய சீலா மீனுல ஒண்ண வீட்டுக்குன்னு எடுத்து வச்சிருதாரு. அவ மன்னிப்புக் கேக்கும்போது அவரும் கூடச் சேந்துக்கிடுதாரு. ஒரே மீனு, ஒரே மன்னிப்பு. சோறும் சூடா இருக்கு."