மல்லாந்து படுத்த கனெக்டர்

ஓவுலு நகரில் சர்க்யூட் போர்டு வரையும் எவெலீனா யாரையும் நம்பமாட்டாள், தன்னையும் சேர்த்து. அதனாலேயே எல்லோரும் அவளை நம்பினார்கள். பாகம் உட்காரும் தடத்தை நிஜ அளவில் தாளில் அச்சிட்டு, பாகத்தை அதன்மேல் வைத்துப் பார்த்த பிறகே போர்டு ஆலைக்குப் போகும்.

அன்று மாலைக்குள் அனுப்பாவிட்டால் ஆலையில் அவர்களுடைய முறை தவறிவிடும். புது கனெக்டருக்குத் தடம் வரைந்த சக ஊழியன் ஓஸ்மோ தவித்தான்.

"மறுபடியும் பேப்பர் விளையாட்டா? அளவெல்லாம் சரிதான், அனுப்பும்மா!"

"இது உக்காரட்டும், அனுப்புறேன்."

உட்காரவில்லை. கனெக்டரை மல்லாக்கப் போட்டபோதுதான் அதன் கால்கள் தாளிலிருந்த புள்ளிகளுக்கு நேரே வந்தன. கனெக்டரின் அடிப்பக்கத்தைக் காட்டும் படத்தை மேல்பக்கமென்று நினைத்து ஓஸ்மோ வரைந்திருந்தான்.

"அளவு சரிதான் ஓஸ்மோ. கனெக்டருக்குத்தான் வானத்தைப் பாத்துப் படுக்கணுமாம்."

அவன் திருத்தினான், போர்டு நேரத்துக்குப் போயிற்று. மறுநாள் அவள் மேசையில், ஓஸ்மோ தாளில் கச்சிதமாக வரைந்த வட்டத்துக்குள் ஒரு லவங்கப்பட்டை பன். எவெலீனா அதைத் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கடித்தாள்.