எந்த ‘உடு’?

போன மாதம் ஒரு காலை. சேவூர் பக்கம் இருக்கும் எங்கள் கிளப்பின் மண் கோர்ட்டில் நானும் கஜேந்திரன் அண்ணனும் ஒரு ஜோடியாக ஆடிக்கொண்டிருந்தோம். எதிராளி தூக்கிப் போட்ட பந்து என் தலைக்கு மேலே போனது. பின்னால் நின்ற அண்ணன், ‘உடு’ என்றார்.

நான் எம்பி அடித்தேன். பந்து ராக்கெட்டின் ஃப்ரேமில் பட்டு, வேலியைத் தாண்டி நெல் வயலில் விழுந்தது.

‘உடுன்னு சொன்னேன்ல... இன்னாத்துக்கு அடிச்ச?’

‘உடுன்னு சொன்னீங்க. அதான் அடிச்சேன்.’

பந்தைத் தேடச் சேற்றில் இறங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு பேர் சொன்னதும் சரி.

தெற்கத்தி வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் ‘விடு’ என்பது ‘உடு’. ‘அத்த உடு’ என்றால் விட்டுவிடு. ‘உடு ரெண்டு’ என்றால் இரண்டு அடி கொடு. தெருச் சண்டையைக் கவனித்திருக்கிறீர்களா? கூட்டத்தில் பாதிப் பேர் ‘உடுப்பா, உடுப்பா’ என்று சமாதானம் செய்வார்கள். மீதிப் பேர் ‘உடு அவனுக்கு’ என்று உசுப்பேற்றுவார்கள். நடுவில் நிற்கிறவன் என்ன செய்வான்? அவனுக்கு எது காதில் விழ வேண்டுமோ அது விழுகிறது.

எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு டென்னிஸ் எங்கிருந்து வந்தது என்று இந்தப் பத்தியைப் புதிதாகப் படிக்கிறவர்கள் கேட்கலாம். ஓசூரில் ஓட்டல், பெல்லாரியில் லாரி ஆபீஸ், அப்புறம் புனேயில் ஒரு கிளப்பில் மார்க்கர் வேலை. கோர்ட்டுக்குத் தண்ணீர் அடித்து, ரோலர் இழுத்து, சுண்ணாம்புக் கோடு போடுகிறவன்தான் மார்க்கர். விளையாட நாலு பேர் சேரவில்லை என்றால் நாலாவது ஆளாக அவனைக் கூப்பிடுவார்கள். அப்படித்தான் கற்றுக்கொண்டேன். ரோலர் ஷெட்டிலேயே படுக்கை. மழைக்காலத்தில் கோர்ட்டை மூடுவார்கள், சம்பளமும் நிற்கும். மற்றபடி நல்ல வேலை.

கஜேந்திரன் அண்ணன் பட்டுச் சேலை வியாபாரி. முள்ளிப்பட்டு கிராமத்துத் தறிகளுக்குப் பாவு நூலும் ஜரிகையும் கொடுத்து நெய்து வாங்குகிறவர். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். இரண்டு முட்டியிலும் பெல்ட். பத்திரிகையில் எழுதுகிறேன் என்று தெரிந்ததிலிருந்து என்னை ‘ரைட்டரே’ என்பார். அதைக் கேட்டுவிட்டு நான் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் என்று நினைத்து வணக்கம் வைத்தவர்களும் உண்டு. நானும் பதில் வணக்கம் வைத்திருக்கிறேன்.

அண்ணன் தன் ஒரே மகளை வந்தவாசியில் கொடுத்திருக்கிறார். சம்பந்தி பெயர் துரைசாமி. கோரைப்பாய் வியாபாரம். அவரும் டென்னிஸ் ஆடுவார்... அங்கேதான் சிக்கல்.

வருஷத்துக்கு ஒரு முறை வந்தவாசி கிளப்போடு எங்களுக்கு மேட்ச். டபுள்ஸில் கஜேந்திரன் அண்ணனுக்கு எதிரே சம்பந்தி நிற்பார். ஒரு வருஷம் கூட அண்ணன் ஜெயித்ததில்லை. தோற்பது பெரிய விஷயம் இல்லை. பேரப்பிள்ளை காதுகுத்தில், பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, துரைசாமி சொன்னார்: ‘நம்ம சம்மந்தி எல்லாத்துலயும் வுட்டுக் குடுத்துப் போவாரு. கோர்ட்டுல கூட.’

பந்தியே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த மகள் மட்டும் வாளிக்குள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

‘எனக்கு ஒண்ணும் இல்ல ரைட்டரே. பொண்ணக் குடுத்துட்டு ரோஷம் பாத்தா முடியுமா? ஆனா அவ மூஞ்சி... ஒரு தடவ, ஒரே ஒரு தடவ ஜெயிச்சிட்டா போதும்.’

வயலில் பந்து தேடிய அன்றைக்கு அவர் என்னிடம் சொன்னது இது.

நான் பெரிய கோச் இல்லை. ஆனால் எதிராளியின் தப்பைக் காத்திருந்து வாங்கத் தெரிந்தவன்தான் கிளப் டென்னிஸில் ஜெயிக்கிறான் என்பது ரோலர் இழுத்த காலத்திலேயே தெரியும். ஐம்பதைத் தாண்டிய பிறகு புது பேக்ஹேண்ட் வராது, முட்டி ஒத்துக்கொள்ளாது. புத்தி மட்டும் ஒத்துக்கொள்ளும். முதல் சர்வீஸை மெதுவாகவாவது உள்ளே போடு. ரிட்டர்னைக் குறுக்கே அடி, அங்கேதான் நெட் தாழ்வு, கோர்ட்டும் நீளம். எங்கே அடிப்பது என்று தெரியவில்லையா? இருவருக்கும் நடுவில் அடி. யாருடைய பந்து என்று அவர்கள் தகராறு பண்ணிக்கொள்ளட்டும்.

அண்ணனுக்கு இதெல்லாம் சுலபமாக வந்தது. வராதது ஒன்றுதான். நெட் ஓரம் நிற்கும்போது தோளுக்கு மேல் விறைப்பாக வரும் பந்தைத் தொடக்கூடாது. அது எப்படியும் கோட்டுக்கு வெளியேதான் விழும், பாயின்ட் தானாக நமக்கு வரும். அண்ணன் அதையும் பாய்ந்து அடிப்பார். பாதிப் பந்து நெட்டில் போய் விழும்.

‘பந்த உடறதுக்கா காலைல எழுந்து குளிச்சிட்டு வரேன்?’

‘உடறதும் ஒரு ஷாட்டுதாண்ணா.’

எனக்கு விடுவது எளிது. ஊரை விட்டிருக்கிறேன், வேலையை விட்டிருக்கிறேன், அட்வான்ஸ் கொடுத்த அறையைக்கூட விட்டிருக்கிறேன். அவருக்கு அப்படி இல்லை. தினமும் காலையில் எதிரே நின்று ஓங்கி அடித்தேன். மெல்ல மெல்லப் பிடிபட்டது. பந்து நெட்டைத் தாண்டும்போதே ‘அவுட்டு’ என்று சொல்லிவிட்டு ராக்கெட்டை இறக்கிவிடுவார். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அவர் கணிப்பு ஒன்றும் தப்பியதில்லை.

‘உடு’ பேஜாருக்கும் முடிவு கட்டினோம். அடிக்க வேண்டுமானால் ‘அடி’. விட வேண்டுமானால், இங்கிலீஷில் ‘லீவ்’.

‘லீவா? இன்னா ரைட்டரே, பள்ளிக்கூடமா நடத்துறோம்?’

முதல் நாள் நான் ‘லீவ்’ என்று கத்தியபோது, ‘யாருக்கு?’ என்று திரும்பிப் பார்த்தார். அப்புறம் பழகிவிட்டது.

போன ஞாயிறு வந்தவாசிக்கு பஸ் ஏறினோம்.

அங்கே சிமென்ட் கோர்ட். துரைசாமி வாசலுக்கே வந்து அழைத்துப்போனார். ‘இன்னாங்க சம்மந்தி, முட்டி எப்டி கீது? பாத்து ஆடுங்க, பேரன் வந்துகினு இருக்கான் பாக்கறதுக்கு.’ சொன்னபடியே மகள் குழந்தையோடு வந்து ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஒரே செட். ஆரம்பமே சரியில்லை. சம்பந்தி நெட்டுக்கு வந்தால் அண்ணனின் கை தானாகத் தளர்ந்தது. சம்பந்தியின் ராக்கெட்டுக்கே நேராக, தாம்பூலம் நீட்டுகிற மாதிரி மெதுவாக அனுப்புவார். நான் அடித்த ஒரு பந்து கோட்டில் பட்டது. என் கண்ணால் பார்த்தேன். துரைசாமி ‘அவுட்டு’ என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் கையைத் தூக்கினார். ‘செரிங்க, செரிங்க.’

பக்கம் மாறும்போது சொன்னேன். ‘அவரப் பாக்காதீங்கண்ணா. நடுவுல இருக்கற காலி இடத்தப் பாருங்க. அது யாருக்கும் சம்பந்தி இல்ல.’

நடுவில் அடிக்க ஆரம்பித்தோம். அப்போதுதான் வேடிக்கை. துரைசாமியின் பார்ட்னர் ஒரு பேங்க்காரர், மரியாதையானவர். பந்து நடுவில் வந்ததும் ‘உடுங்க சார்’ என்பார். தான் எடுத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். துரைசாமியோ, தன்னை அடிக்கச் சொல்கிறார் என்று பாய்வார். இரண்டு ராக்கெட்டும் மோதும், பந்து போய்விடும். அடுத்த முறை இரண்டு பேரும் விட்டுவிடுவார்கள். வந்தவாசியிலும் அதே தமிழ்தானே?

‘யோவ், எந்த உடுய்யா இது?’ என்று துரைசாமி ஒரு தடவை கேட்டேவிட்டார். நாங்கள் ஷூ லேஸைப் பார்த்தபடி நின்றோம்.

இப்படியே சமன் செய்து, ஒரு கேம் முன்னாலும் போய்விட்டோம். கடைசியில் என் சர்வீஸ். இன்னும் ஒரு பாயின்ட் எடுத்தால் மேட்ச் எங்களுடையது.

மெதுவாக, உள்ளே போட்டேன். பேங்க்காரர் கோபத்தை எல்லாம் சேர்த்து ஓங்கி அடித்தார். நெட் ஓரம் நின்ற அண்ணனின் தோளுக்கு மேலே, விறைப்பாக வந்தது பந்து. பச்சையாக அவுட். விட்டால் முடிந்தது.

‘லீவ்’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பதற்றத்தில் வாயில் வந்தது பழைய வார்த்தை.

‘உடு.’

அண்ணன் ராக்கெட்டைத் தூக்கினார். அத்தனை நாளில் அவர் அப்படி அடித்து நான் பார்த்ததில்லை. பந்து எதிரே நெட்டில் நின்ற துரைசாமியின் காலடியில் குத்தி, எழும்பி, அவர் தொப்பையில் பட்டு, பொத்தென்று விழுந்தது.

பாயின்ட் எங்களுக்கு. மேட்ச்சும் எங்களுக்கு.

அண்ணன் நெட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினார். ‘மன்னிச்சிக்கோங்க சம்மந்தி. ரைட்டரு உடுன்னாரு... அடிக்கத்தான் சொல்றாருன்னு நெனச்சிகினேன்.’

துரைசாமி வயிற்றைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். ‘நல்லா உடச் சொன்னீங்க ரைட்டரே.’

‘தப்பு என்னுதுதாங்க’ என்றேன். வேறு என்ன சொல்ல?

பெஞ்சில் மகள், குழந்தையின் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழவில்லை என்பது மட்டும் இங்கிருந்தே தெரிந்தது.

மதியம் சம்பந்தி வீட்டில் விருந்து. முட்டி, மழை, ஜரிகை விலை எல்லாம் பேசினார்கள். டென்னிஸ் பற்றி யாரும் பேசவில்லை. மகள் அப்பாவுக்கு மட்டும் இரண்டு தடவை பாயசம் ஊற்றினாள்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

‘அண்ணா, அது வெளிய போற பந்து. நான் உடச் சொன்னது... உட்டுடச் சொன்னேன். தொடாம இருந்தாலே ஜெயிச்சிருப்போம்.’

அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

‘தெரியும். தோளுக்கு மேல ஒரு முழம்.’

உங்களுக்கு என் யோசனை இதுதான். தோளுக்கு மேல் வரும் பந்தை விட்டுவிடுங்கள்... எதிரே நிற்பது சம்பந்தியாக இல்லாதவரை.