205-ஆம் அறைக்கு எழுதிய பதில்

திருப்பதி பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கும் ஒரு லாட்ஜில் எத்திராஜ் பதினெட்டு வருடமாக முன்மேசையில் வேலை பார்க்கிறார். வயது நாற்பத்தேழு. வடமாலபேட்டைக்காரர். வீட்டில் தமிழ், படித்தது தெலுங்கு, மேசையில் வருகிறவர் எந்த மொழியோ அந்த மொழி. மலையிலிருந்து மொட்டைத் தலையும் லட்டுப் பையுமாக இறங்கி வரும் கூட்டத்தில் யாருக்கு முதலில் வெந்நீர் வேண்டும், யாருக்கு ரயிலைப் பிடிக்கும் அவசரம் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆங்கிலத்தில் எழுத மட்டும் வராது.

போன வருடம்வரை அது தேவைப்படவில்லை. ஒருநாள் முதலாளி ரமணா தன் போனை அவர் முன் வைத்தார். தங்கிப் போனவர்கள் இணையத்தில் போட்ட விமர்சனங்கள் அதில் வரிசையாக இருந்தன. எதற்கும் பதில் இல்லை.

“ஒவ்வொண்ணுக்கும் இங்கிலீஷ்ல பதில் போகணும். எழுதத் தெரிஞ்சவன் இந்த மேசையில உட்காரட்டும்” என்று தெலுங்கில் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எத்திராஜுக்குப் புரிந்தது. மறுநாளே ஆங்கில வகுப்பில் சேர்ந்தார்.

ரயில் நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை மாடியில் காலை ஏழு மணிக்கு வகுப்பு. நடத்துபவர் ஸ்வர்ணலதா. மாணவர்களில் பாதிப் பேர் நர்சிங் படிக்கும் பெண்கள். முதல் நாள் ஒருத்தி, “அங்கிள், பொண்ண சேர்க்க வந்தீங்களா?” என்று கேட்டாள். “பொண்ணு சேர்த்துவுட்டுப் போயிட்டா” என்றார் எத்திராஜ். பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

தினமும் பத்து வினைத்தொடர்கள். ‘லுக் இன்டு’ என்றால் விசாரிப்பது. ‘கேரி அவுட்’ என்றால் செய்து முடிப்பது. ‘மேக் அப் ஃபார்’ என்றால் ஈடுகட்டுவது. வடமாலபேட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து உதடு அசைய மனப்பாடம் செய்வார். மூன்றாவது மாதம் எழுத்துப் பயிற்சி தொடங்கியது. புகாருக்குப் பதில் எழுதும் முறையை ஸ்வர்ணலதா பலகையில் போட்டுக் காட்டினார். வாடிக்கையாளர் சொன்னதை முதலில் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு வருத்தம் தெரிவிக்க வேண்டும். விசாரித்துவிட்டோம் என்று எழுத வேண்டும். கடைசியில் எடுத்த நடவடிக்கையைச் சொல்ல வேண்டும், ஆள் பெயரோடு. பெயர் இருந்தால்தான் நம்புவார்களாம்.

செப்டம்பரில் 205-ஆம் அறையில் பெங்களூர்க் குடும்பம் ஒன்று தங்கியது. ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதினார்கள். அம்மாவின் செயினைக் காணோம், பெருக்க வந்த பெண்ணைத் தவிர வேறு யாரும் அறைக்குள் வரவில்லை என்று இருந்தது.

எத்திராஜ் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் எழுதி, விமர்சனத்துக்குக் கீழே போட்டார். எங்கள் ஊழியர் உங்கள் செயினை எடுத்ததற்கு மிகவும் வருந்துகிறோம். விசாரித்துவிட்டோம். அறையைப் பெருக்கிய செங்கம்மா மீது கடும் நடவடிக்கை எடுத்திருக்கிறோம். தங்கள் மேலான ஆதரவை எதிர்பார்க்கிறோம்.

அவர் யாரையும் விசாரிக்கவில்லை. நடவடிக்கை எதுவும் எடுக்கவுமில்லை. பொய் எழுதுகிறோம் என்ற நினைப்பும் அவருக்கு வரவில்லை. பள்ளியில் திருவிழாவுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் லீவ் லெட்டரில் காய்ச்சலால் அவதிப்படுகிறேன் என்றுதான் எழுதுவார்கள். வாத்தியாரும் கையெழுத்துப் போடுவார். ஆங்கிலத்தில் எழுதுவதென்றால் அப்படித்தான் என்பது அவருக்கு அன்றிலிருந்தே பழக்கம். வகுப்பில் அந்தப் பதிலை ஸ்வர்ணலதா உரக்கப் படித்துக் காட்டினார். நர்சிங் பெண்கள் கைதட்டினார்கள்.

ஐந்தாம் நாள் லாட்ஜுக்கு இரண்டு போலீஸ்காரர்கள் வந்து செங்கம்மாவை அழைத்துப் போனார்கள். பெங்களூர்க்காரர் அந்தப் பதிலைப் படமெடுத்துப் புகாரோடு சேர்த்திருந்தார். லாட்ஜே ஒப்புக்கொண்ட பிறகு வேறென்ன வேண்டும்?

செங்கம்மாவும் வடமாலபேட்டைதான். புருஷன் இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் அவளை லாட்ஜில் சேர்த்துவிட்டவரே எத்திராஜ்தான்.

அவர் முதலாளியிடம் ஓடினார்.

“அப்படியே விட்டுடு” என்றார் ரமணா. “அவளை அனுப்பிட்டா நீ எழுதினது சரியாப் போயிடும். இல்லேன்னா ஊரெல்லாம் நம்மளப் பொய்யன்னு சொல்லும்.”

“எழுதினது நான்தானே சார்.”

“அதான் சொல்றேன், சும்மா இரு.”

எத்திராஜ் சும்மா இருக்கவில்லை. ஸ்டேஷனுக்குப் போய் எஸ்.ஐ. முன்னால் தெலுங்கில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். நான் யாரையும் விசாரிக்கவில்லை, வகுப்பில் சொல்லிக் கொடுத்த முறையில் எழுதிவிட்டேன், செங்கம்மா எடுத்தாள் என்பதற்கு எந்த ஆதாரமும் என்னிடம் இல்லை. எஸ்.ஐ. இரண்டு தடவை படித்தார்.

“ஏமய்யா, இதையும் கிளாஸ்லதான் சொல்லிக் குடுத்தாங்களா?”

“இல்ல சார். இது நானே எழுதினது.”

செங்கம்மாவைச் சாயங்காலம் விட்டுவிட்டார்கள், கூப்பிட்டால் வர வேண்டும் என்ற நிபந்தனையோடு. பஸ் நிறுத்தத்தில் எத்திராஜ் பக்கத்தில் போய் நின்றார். அவள் திரும்பவில்லை.

“சாமிக்கு வேண்டிக்கினு உண்டியல்ல கழட்டிப் போட்டுட்டு, வூட்ல சொல்லாத போறவங்க எத்தினி பேரு. ஒரு வார்த்த என்னக் கேட்டியாண்ணா?”

“தப்புதாம்மா. ஸ்டேஷன்ல எய்திக் குடுத்துட்டேன்.”

“அந்தக் காயிதத்த ஸ்டேஷன்ல பூட்டி வெச்சிக்குவாங்கோ. என் பேரு போன்ல கீது. எங்க தெருவுல எல்லாரும் பாத்துக்கினு கீறாங்கோ.”

மறுநாள் வகுப்பில் ஸ்வர்ணலதா, “மறுப்புக்கும் ஒரு முறை இருக்கு, எத்திராஜ் காரு” என்று நோட்டை இழுத்தார். நடந்ததைக் கேட்டு அவர் முகமும் வாடியிருந்தது. எத்திராஜ் நோட்டைக் கொடுக்கவில்லை. தனக்குத் தெரிந்த சின்னச் சின்னச் சொற்களை வைத்து நாலு வாக்கியம் எழுதினார். நான் எத்திராஜ். முன்பு எழுதியது பொய். செங்கம்மா செயினை எடுத்ததாக எனக்கு யாரும் சொல்லவில்லை. அவளிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

லாட்ஜ் கணக்கிலிருந்து அதைப் போட்டுவிட்டுப் பழைய பதிலை அழித்தார். மதியத்துக்குள் ரமணா பார்த்துவிட்டார். புதுப் பதிலும் போயிற்று, எத்திராஜின் மேசையும் போயிற்று. புதுப் பதிலைப் போனில் எடுத்து வைத்திருந்த படம் மட்டும் அவரிடம் மிஞ்சியது.

அதை எடுத்துக்கொண்டு செங்கம்மா வீட்டுக்குப் போனார். அவள் பால் தூக்கோடு கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“எனக்குப் படிச்சிக் காட்டி இன்னா ஆவப்போவுது. பால் சென்டருக்கு வா. அங்க படி.”

கறந்த பாலை ஊற்றும் அந்தச் சென்டரில் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். பேச்சு நின்றது. எத்திராஜ் முதலில் ஆங்கிலத்தில் படித்தார், பிறகு தமிழில், பிறகு தெலுங்கில். ‘பொய்’ என்ற இடத்தில் மூன்று மொழியிலும் குரல் தடுமாறியது.

வரிசையின் நடுவிலிருந்து தேன்மொழி என்ற பெண் கேட்டாள். “அதெல்லாம் சரி. அப்ப செயின யார்தான் எட்த்தாங்கோ?”

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். செங்கம்மாவும்தான்.

“தெரியாது” என்றார் எத்திராஜ்.

செங்கம்மா வரிசையின் கடைசியில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்றவள் தன் பால் குடத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள். அது இடம் விடுவதற்கா, விலகுவதற்கா என்று எத்திராஜுக்குச் சொல்லத் தெரியவில்லை.