மதினியின் பத்திரிகையில் எத்தனை முத்து

எங்கள் வீட்டில் எதையும் குப்பையில் போட முடியாது. போட்டால் நான் எடுத்துவிடுவேன். ஐஸ் குச்சி, முட்டை அட்டை, கூரியர் பெட்டி, கிழிந்த வேட்டி எல்லாம் அழகான பொருளாக மாறப்போகும் நாளுக்காக என் கட்டிலுக்கு அடியில் வருடக்கணக்காகக் காத்திருந்தன. போனில் கைவினைக் காணொளி பார்க்க ஆரம்பித்த பிறகு வந்த வியாதி இது. காணொளியில் வரும் பெண்கள் பத்து நிமிடத்தில் காகிதத்தை ரோஜாவாக்குவார்கள். நான் பத்து நாளில் அதைக் கசங்கிய காகிதமாக்குவேன். என் கணவருக்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. சட்டையைத் துவைக்கப் போடும்போதெல்லாம், "இது இன்னும் பழசாகலை" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போடுவார்.

என் கைக்கு அகப்படாத ஒரே பொருள் மதினியின் முத்துமாலை. மதினி என்றால் கணவருடைய அக்கா, ஆறுமுகநேரியில் இருக்கிறார். மாமியார் சீக்கிரமே போய்விட்டதால் தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். தம்பி முதல் சம்பளத்தில் மாதா கோவில் திருவிழாக் கடையில் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் முத்துமாலை வாங்கிக் கொடுத்தார். அது மஞ்சளடித்துப் பல் மாதிரி ஆன பிறகும் மதினி கழுத்தை விட்டு இறங்கவில்லை. கொடுங்கள், பிரித்து நல்ல டிசைனில் கோத்துத் தருகிறேன் என்று ஒருமுறை கேட்டேன். "நான் செத்த பொறவு எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டார்.

புது வீடு கட்டி முடித்துப் பால்காய்ப்புக்கு நாள் குறித்தோம். மற்றவர்கள் என்றால் அச்சகத்தில் பிள்ளையார் படம் போட்டு நூறு பத்திரிகை அடித்து வேலையை முடிப்பார்கள். நான் கையாலேயே நாற்பது பத்திரிகை செய்வதென்று கிளம்பினேன். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது, அதுதான் கைவேலையின் பெருமை என்று காணொளியில் ஒருத்தி சொல்லியிருந்தாள். அவளுக்குச் சொந்தக்காரர்கள் யாரும் கிடையாது போலிருக்கிறது.

முத்துநகரான தூத்துக்குடியில் வீடு என்பதால் முத்துதான் தீம். முத்துக் குளித்த பெருமையைப் பேச நாங்கள் சலிப்பதே இல்லை. முத்து வேண்டுமென்றால் மட்டும் ஃபேன்ஸி ஸ்டோரில் பாக்கெட் பாக்கெட்டாக வாங்குவோம். அது சீனாவிலிருந்து கன்டெய்னரில் வருகிறது. என் கணவர் எழுதிய காகிதத்தின் பேரிலேயே உள்ளே வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

பத்திரிகையோடு நிறுத்தியிருக்கலாம். கடல் பச்சைப் பட்டுக்கு நானே ரவிக்கை வடிவமைத்து, இரண்டு கையிலும் தோளிலிருந்து முழங்கை வரை முத்தாகத் தைத்தேன். கணவரின் சட்டைக் காலரிலும் ஒரு வரிசை வைத்தேன். அவர் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கழற்றி மடித்து என் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார்.

கை பழகட்டும் என்று முதலில் தோழிகளுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் பத்திரிகை செய்தேன். ஒன்றில் ஏழு முத்து, இன்னொன்றில் பதினொன்று, மனம் போனபடி வைத்தேன். எண்ணவே இல்லை. நடுவில் வீட்டுக்கு வந்த சின்ன மாமியார், அதாவது கணவருடைய சித்தி, மேசையில் இருந்ததிலேயே சிப்பி ஒட்டிய ஒன்றைத் தன் பையில் போட்டுக்கொண்டு போனார். மதினிக்குக் கடைசியில், கை நன்றாகப் பழகிய பிறகு, எல்லாவற்றையும் விட அழகாகச் செய்வது என்று வைத்திருந்தேன். அப்படி உட்கார்ந்தபோது மூன்று முத்துதான் மிச்சம் இருந்தது.

கடைக்கு ஓடினேன். பாக்கெட் தீர்ந்துவிட்டது, அடுத்த சரக்கு வர இரண்டு வாரம் ஆகும் என்றார் கடைக்காரர். "தூத்துக்குடியில முத்து இல்லைன்னு வெளிய சொல்லிராதீங்க தாயி" என்றும் கேட்டுக்கொண்டார். ரவிக்கைக் கையிலிருந்து பத்து முத்தைப் பிரித்திருக்கலாம். கத்தரிக்கோலை எடுக்கவும் செய்தேன். ஆனால் தைக்க எட்டு நாள் ஆகியிருந்தது, மனசு வரவில்லை. வெறுமையிலும் அழகு உண்டு என்று இன்னொரு காணொளி சொன்னது நினைவுக்கு வந்தது. பெரிய வெள்ளைத் தாளில் ஓரமாக மூன்று முத்தை ஒட்டி, கலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆறுமுகநேரிக்குப் போய் வெற்றிலை பாக்கு பழத்தட்டில் வைத்துக் கொடுத்தோம். மதினி இரண்டு கையாலும் வாங்கி, உறையைப் பிரிக்காமல் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். புது வீட்டில் பால் பானையை அடுப்பில் ஏற்றுவது கூடப் பிறந்தவளின் உரிமை. அதைப் பற்றியே அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டிருந்தார்கள். பானை அவர் வாங்கி வருவதாக ஏற்பாடு.

அந்த வாரமே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ தன் பத்திரிகையைப் படம் பிடித்துப் போட்டார். பார்த்தவர்கள் எல்லாரும் போட்டார்கள். எனக்குப் பாராட்டு குவியும் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தேன். எண்ணிக்கைதான் குவிந்தது. பக்கத்து வீட்டுக்காரிக்குப் பதினொன்று, சொந்த மாமாவுக்கு ஆறா என்று ஒருவர் கேட்டார். சின்ன மாமியார் 'ஒன்பது, சிப்பி தனி' என்று எழுதினார். படம் போடாதவர் மதினி ஒருவர்தான். சின்ன மாமியார் அதையும் கவனித்துவிட்டு, ஒன்பது முத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஆறுமுகநேரிக்கு பஸ் ஏறியதாகப் பிறகு தெரிந்தது.

கணவர் அக்காவுக்கு போன் செய்தார். வருவது பற்றிக் கேட்டதற்கு, "பாப்போம்" என்று பதில் வந்தது. எங்கள் பக்கத்தில் வராதவர்கள் சொல்வது அது. என் கணவர் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அக்கா வரலைன்னா யாரு பால் காய்ச்சுனா என்ன? சும்மா அடுப்புல வச்ச பால்தான்."

இன்னொரு பத்திரிகை செய்துகொண்டு போகலாமா என்று மெல்லக் கேட்டேன்.

"மொதப் பத்திரிகையில என்ன கொறை?" என்றார்.

ஒரு குறையும் இல்லை, சும்மாதான் கேட்டேன் என்று சொல்லிவிட்டேன். ரவிக்கைக் கையில் எண்பது முத்தைத் தைத்து வைத்துக்கொண்டு எந்த வாயால் உண்மையைச் சொல்வது?

பால்காய்ப்பன்று விடிவதற்கு முன்பே என் அலங்காரம் படுத்துவிட்டது. நீலக் க்ரேப் காகிதத்தில் அலை அலையாக வெட்டி வாசலில் தொங்கவிட்டிருந்தேன். உப்புக் காற்று நனைத்ததில் அலைகள் துவண்டு, உள்ளே வந்த ஒவ்வொருவரின் வெள்ளைச் சட்டையிலும் நீலம் பூசின. பனங்கற்கண்டில் மாக்டெயில் கலந்து, டம்ளருக்கு ஒரு காகிதக் குடை செருகி வைத்திருந்தேன். ஒரு பெரியவர் குடையையும் சேர்த்துக் கடித்துப் பார்த்துவிட்டு, முறுக்கு நமத்துப் போச்சு என்றார். நான் எதையும் கண்டுகொள்ளும் நிலையில் இல்லை. நல்ல நேரம் முடிய அரை மணிதான் இருந்தது. "பெரியவளக் காணோமே" என்று சின்ன மாமியார் ஊருக்கே கேட்கும்படி விசாரித்துக்கொண்டிருந்தார். கணவர் தெருமுனையில் நின்றார்.

மதினி வந்தார். இடுப்பில் புதுப் பானை, கையில் முதல் முதலில் வீட்டுக்குள் வர வேண்டிய உப்பும் மஞ்சளும். முதல் பஸ் வழியில் நின்றுவிட்டதாம். நேராக அடுப்பங்கரைக்குப் போய்ப் பானையை ஏற்றினார். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. என் கணவர் எல்லாருக்கும் முன்னால் கண்ணைத் துடைத்தார். மதினியின் கழுத்தில் ஏதோ குறைவது போல எனக்குப் பட்டது. அது என்னவென்று யோசிப்பதற்குள் அவர் என் கையைப் பிடித்து, தோளிலிருந்து முழங்கை வரை நிதானமாகப் பார்த்தார்.

"ஏளா, முத்தெல்லாம் இங்கனதான் இருக்கா" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

நான் மறைக்க நினைத்தாலும் அந்தக் கைக்கு மேல் போட ஒன்றும் இல்லை.

ஒரு வாரம் கழித்து மதினிக்குச் சேலை எடுத்துக்கொண்டு ஆறுமுகநேரிக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது டிவிக்கு மேல் நிமிர்த்தி வைத்திருந்த என் பத்திரிகைதான். அதில் பத்து முத்து இருந்தது. மூன்று வெள்ளை. ஏழு மஞ்சளடித்தவை, சோற்றுப் பசையில் ஒட்டியவை, சுற்றிலும் பருக்கை காய்ந்திருந்தது. அவற்றில் ஒன்றில் மதினியின் மாலைக் கயிற்றின் துணுக்கு கூட அப்படியே இருந்தது. சின்ன மாமியார் எண்ண வருவதற்குள் மதினி எண்ணிக்கையைச் சரிசெய்திருக்கிறார். ஒன்பதுக்கு ஒன்று கூட.

கணவர் பத்திரிகையைக் கையில் எடுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியாக்கா, ஒனக்குத்தான் பாத்துப் பாத்து வச்சிருக்கா. அதுவும் பழைய முத்து மாதிரியே தேடிப் புடிச்சு."

மதினி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமாலே, ஒம் பொண்டாட்டிக்குத் தாராளக் கை" என்று சொல்லிவிட்டுக் காபி போட எழுந்தார்.

எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. என்னாச்சு என்று கணவர் கேட்டதற்கு, கண்ணில் அடுப்புப் புகை பட்டுவிட்டது என்றேன். மதினி வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு.