மாவு திரும்பும் நேரம்

அந்தப் பட்டறையில் அவளை எல்லோரும் ‘வாளி’ என்றுதான் கூப்பிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. கையெழுத்துப் போடும்போது மட்டும் அது பயன்பட்டது. புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் நாளே “ஏன் வாளின்னு கூப்பிடறீங்க?” என்று கேட்பார்கள். யாராவது ஒருவர், அவள் காதில் விழும்படியாகவே, கதையைச் சொல்லி முடிப்பார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். எட்டு வருடமாகச் சிரித்திருந்தாள்.

பட்டறை என்றால் பெரிய தகரக் கொட்டகை. அதி உயர்திறன் கான்கிரீட்டை அச்சில் வார்ப்பது அங்கே தொழில். ஆலைகளுக்கு இயந்திரப் பீடங்கள், அமிலக் கழிவு ஓடும் வாய்க்கால்களுக்கு மூடிகள், கட்டடங்களின் முகப்புக்கு விரல் பருமனில் பலகைகள், நடைபாலங்களுக்குத் தளங்கள். சாதாரணக் கான்கிரீட்டில் இரண்டு ஆள் தூக்க முடியாத மூடியை இதில் ஒரே ஆள் தூக்கிவிடலாம். அத்தனை மெல்லிசு, ஆனாலும் மேலே லாரி ஏறும்.

ரகசியம் தண்ணீரில் இருக்கிறது, அதாவது தண்ணீர் இல்லாததில். வீடு கட்டுகிறவர்கள் நூறு கிலோ சிமெண்டுக்கு ஐம்பது லிட்டர் ஊற்றுவார்கள். இங்கே இருபதைத் தாண்டக் கூடாது. சிமெண்டு, சலித்த நுண்மணல், புகையைவிட மெல்லிய சிலிகாப் பொடி எல்லாம் மிக்ஸரில் சுற்றும். தண்ணீரும், தொழிலாளர்கள் ‘மருந்து’ என்று சொல்லும் ரசாயனமும் உள்ளே போகும். போன பிறகும் ஒன்றும் நடக்காது. ஐந்து நிமிடம் ஆகும், எட்டு நிமிடம் ஆகும், உள்ளே வெறும் சாம்பல் நிற மாவு புரண்டுகொண்டிருக்கும். பார்க்கிறவன் யாராக இருந்தாலும் ‘தண்ணி பத்தலை’ என்றுதான் சொல்வான். பத்தாவது நிமிடத்தில் மாவு உதிரியாகும், பிறகு உருண்டை கட்டும். மோட்டார் முனகும். பிறகு, சொல்லிவைத்தாற்போல், ஒரே அரை நிமிடத்தில் எல்லாம் பளபளவென்று இளகித் தேனாக ஓடத் தொடங்கும். இதற்கு ‘மாவு திரும்புறது’ என்று பெயர். திரும்பிய பிறகுதான் மயிரிழை போன்ற எஃகுக் கம்பித் துண்டுகளைத் தூவ வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் இவளுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. அதற்கு முன் ஆறு வருடம் கட்டட வேலையில் கலவை போட்டவள். நான்காவது நிமிடத்தில் எட்டிப் பார்த்தாள். காய்ந்த மாவு. யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று தானே ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி ஊற்றினாள். கலவை மொத்தமும் வீண். குப்பையில் கொட்டினார்கள். சொல்லித் தராதவருக்குப் பட்டப்பெயர் எதுவும் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் ஒரு பழக்கம் வைத்திருந்தாள். ஒவ்வொரு கலவையும் எத்தனையாவது நிமிடத்தில் திரும்பியது என்று மிக்ஸரின் மின்பெட்டிக் கதவில் சாக்பீஸால் எழுதிவைப்பாள். யாரும் கேட்டதில்லை. வாளி ஊற்றிய நாளில் மாவு ஐந்தாவது நிமிடத்திலேயே திரும்பியது அவளுக்கு நினைவிருந்தது. தண்ணீர் கூடினால் சீக்கிரம் திரும்பும், குறைந்தால் இழுக்கும். அளவு சரியாக இருந்தால் பதினொன்று, மிஞ்சிப்போனால் பன்னிரண்டு. நான்கு வருடத்தில் மிக்ஸர் அவள் பொறுப்புக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு மோட்டார் முனகலை வைத்தே “இந்தா, திரும்பப் போவுது” என்பாள். கம்பி தூவும் பெண் தயாராவாள். கம்பித் துண்டுகளை அங்கே முடி என்பார்கள், அவள் ‘முடிக்காரி’.

ரயில் பாதைக்கு மேலே ஒரு நடைபாலம். அதற்கான தளப் பலகைகளை அந்த வாரம் வியாழக்கிழமை வார்த்தார்கள். நான்கு கலவை. அச்சைப் பிரித்து, வெள்ளிக்கிழமை மாலை ஆவி அறைக்குள் தள்ளினார்கள். கூடவே சோதனைக்கான ஆறு கனசதுரக் கட்டிகள். தொண்ணூறு டிகிரி ஆவியில் இரண்டு நாள் வெந்தால்தான் இந்தக் கான்கிரீட்டுக்கு முழு பலம் வரும். திங்கள்கிழமை மூன்று கட்டிகளை லேபில் வைத்து நசுக்கினார்கள். நூற்றைம்பது மெகாபாஸ்கல் வர வேண்டிய இடத்தில் நூற்றுப் பதினொன்றுதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘நடைபாலப் பலகைகளுக்கான கலவையில் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் தண்ணீர் சேர்க்கப்பட்டதாகத் தெரியவருவதால், மிக்ஸர் இயக்குபவர் விசாரணை முடியும்வரை அச்சுக் கழுவும் பிரிவுக்கு மாற்றப்படுகிறார்.’

யாருக்குத் தெரியவந்தது, எப்படித் தெரியவந்தது என்று தாளில் இல்லை. அவசியமும் இருக்கவில்லை. படித்தவர்கள் எல்லோருக்கும் உடனே புரிந்தது. “பழைய புத்தி போகலை பாரு. மறுபடியும் வாளியத் தூக்கிட்டா” என்றான் கிரேன் ஓட்டுகிறவன். விசாரணைக்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. எட்டு வருடத்துக்கு முன்பே வந்திருந்தது என்றும் சொல்லலாம்.

“நீ ஊத்தலைன்னு எனக்குத் தெரியும்க்கா” என்றாள் முடிக்காரி.

“தெரிஞ்சா போய்ச் சொல்லேன்.”

முடிக்காரி கையுறையில் குத்தியிருந்த கம்பியைப் பிடுங்குவதில் மும்முரமானாள்.

வீடு இரண்டு அறை. கணவர் கொத்தனார், அன்று மாலை அவர் முன்னதாகவே வந்து குளித்திருந்தார். விஷயத்தைக் கேட்டு முதலில் சிரித்தார்.

“நூத்திப் பதினொண்ணா? நான் போடற தூணு முப்பதைத் தாண்டாது. அதுமேல மூணு மாடி நிக்குது. ஒரு வாளித் தண்ணில என்ன குடி முழுகிடும்?”

“நான் ஊத்தவே இல்லைங்கறேன்!”

“சரி, ஊத்தலை. ஊத்திட்டேன், தப்பாயிடுச்சு, இனிமே நடக்காதுன்னு சொல்லிட்டு வா. ரெண்டு மாசம் அச்சு கழுவுவே. அப்புறம் அவங்களே வந்து கூப்பிடுவாங்க.”

“கூப்பிட மாட்டாங்க. ஒருதரம் ஊத்தினதுக்கே எட்டு வருஷமா பேரு வச்சிருக்காங்க. ரெண்டாவது தரம் நானே ஒத்துக்கிட்டா மிக்ஸர் பக்கம் நிழல்கூட விழ விடமாட்டாங்க.”

“எல்லாத்துக்கும் ஒரு பிடிவாதம்” என்று முணுமுணுத்தபடி அவர் சட்டையைத் தேடினார். ஜன்னலோரக் கொடியில் கிடந்ததை எடுத்து மாட்டியவர் உடனே கழற்றினார். “இன்னும் ஈரம். காலைலயிருந்து தொங்குது, காயலையே!”

அவள் சட்டையை வாங்கித் தொட்டுப் பார்த்தாள். பட்டறைக் கையுறை நினைவுக்கு வந்தது.

பட்டறையில் ஆவி அறைக்குப் போகும் குழாய் ஒன்று சுவரோரம் ஓடும். சாயங்காலம் அதன்மேல் துணிக் கையுறைகளைக் கழுவிப் போட்டுவிட்டுப் போவார்கள். காலையில் எடுத்தால் தகடாக விறைத்திருக்கும். சனிக்கிழமை மாலை அவளும் போட்டாள். ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை எடுத்தபோது கையுறை ஈரமாக, நாற்றமாக இருந்தது. சபித்துக்கொண்டே மாட்டியிருந்தாள்.

“ஏங்க, ஆவி போற குழாய்ல ரெண்டு நாள் கிடந்த துணி ஈரமா இருக்குமா?”

“அது எப்படி இருக்கும்? ஆவி போகலைன்னாதான் இருக்கும்.”

“அதேதான்” என்று சொல்லிவிட்டுச் சட்டையை அவர் தோளில் போட்டாள். அவர் ஈரச் சட்டையோடு நின்றார்.

வெள்ளிக்கிழமை விசாரணை. மேனேஜர் அறையில் மூன்று நாற்காலிகள். மேனேஜர், சூப்பர்வைசர், நடைபாலம் கட்டும் தரப்பிலிருந்து வந்த பொறியாளர் என மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அவள் நின்றாள். பொறியாளர் ஒரு பெண். பாலம் சம்பந்தமாக வருவதால் பட்டறையில் அவளுக்குப் ‘பாலக்காரம்மா’ என்று பெயர். அவள் வரும்போதெல்லாம் வாட்ச்மேன், ஏதோ பால்காரம்மா வந்ததுபோல், “ரெண்டு லிட்டர் ஊத்திட்டுப் போகச் சொல்லு” என்று அவளுக்குக் கேட்காமல் சொல்லிச் சிரிப்பார்.

“எவ்வளவு தண்ணி ஊத்தினே?” என்று ஆரம்பித்தார் மேனேஜர்.

“அளவுத் தண்ணிதான் சார். நாலு கலவையும் பதினொண்ணு, பதினொண்ணு, பன்னெண்டு, பதினொண்ணுன்னு திரும்பிச்சு. மின்பெட்டிக் கதவுல எழுதியிருக்கேன். கூட ஊத்தியிருந்தா அஞ்சு ஆறுலயே திரும்பியிருக்கும்.”

சூப்பர்வைசர் சிரித்தார். “சாக்பீஸ்ல கிறுக்கினதெல்லாம் ரெக்கார்டா? ரெக்கார்டுன்னா இது.” ஆவி அறைப் பதிவேட்டைத் திறந்து மேசையில் வைத்தார். “மணிக்கு மணி வெப்பம் பதிவாகியிருக்கு. ஆவில கோளாறு இல்லை. அப்போ கலவைலதான் கோளாறு.”

பாலக்காரம்மா பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினாள். வெள்ளிக்கிழமை எண்பத்தெட்டு, தொண்ணூற்றொன்று, எண்பத்தொன்பது என்று எண்கள் ஏறி இறங்கின. சனி காலையிலிருந்து ஞாயிறு மாலை வரை தொண்ணூறு, தொண்ணூறு, தொண்ணூறு. ஒரே பேனா, ஒரே சாய்வு.

“ரொம்ப ஒழுக்கமான ஆவியா இருக்கே” என்றாள்.

“பாய்லர்க்காரர் ரெண்டு நாள் லீவு மேடம். நானே பாத்துக்கிட்டேன்.”

“பாத்துட்டு எழுதினீங்களா சார்?” என்றாள் வாளி. “பேனாவுல எழுதிட்டா உண்மை ஆயிடுமா?”

“வாயை அடக்கு!” என்றார் மேனேஜர்.

அவள் அடக்கவில்லை. கையுறை விஷயத்தைச் சொன்னாள். ஈரக் கையுறையை வைத்துக் கான்கிரீட்டைப் பற்றிப் பேசுகிறாள் என்று சூப்பர்வைசர் மறுபடி சிரிக்கத் தொடங்கினார்.

“நான் சொல்றதை நம்ப வேண்டாம் சார். அவர் சொல்றதையும் நம்ப வேண்டாம். ஆறு கட்டில மூணு மிச்சம் இருக்கு. அதை ரெண்டு நாள் ஆவில வேகவச்சு அப்புறம் நசுக்குங்க. தண்ணி கூடியிருந்தா எவ்வளவு வேகவச்சாலும் பலம் வராது. ஊத்தின தண்ணியத் திருப்பி எடுக்க முடியாதே. ஆவி குறைஞ்சதுதான் காரணம்னா, பலம் வந்துடும். வரலைன்னா நானே அச்சு கழுவப் போறேன்.”

“நீ என்ன என்ஜினியரா?”

“இல்ல சார். அதனாலதான் சோதிச்சுப் பாருங்கன்னு சொல்றேன். என்ஜினியரா இருந்தா நான் வாயால சொன்னதே உங்களுக்குப் போதும்.”

பாலக்காரம்மா பதிவேட்டை மூடினாள். “மூணு கட்டியையும் இப்பவே ஆவில வைங்க. அறைச் சாவி என்கிட்ட இருக்கட்டும். திங்கட்கிழமை நான் வந்து நசுக்கறேன்.”

திங்கள்கிழமை லேப் வாசலில் கூட்டம். அச்சுக் கழுவும் பிரிவிலிருந்து அவள் வரவில்லை. வேலை நேரத்தில் இடத்தை விட்டு நகர்ந்தாள் என்று இன்னொரு தாள் ஒட்டிவிடுவார்கள் என்ற எண்ணம். முதல் கட்டி நூற்றுப் பதினொன்றைத் தாண்டியபோது கிரேன்காரன் வாயைத் திறந்தான். நூற்றைம்பதைத் தாண்டியபோது மூடினான். டமார் என்று சத்தம் கேட்டது. கட்டி பிளந்தும் சிதறவில்லை, கம்பி இழைகள் இழுத்துப் பிடித்திருந்தன. நூற்றைம்பத்து நான்கு. அடுத்தது நூற்றைம்பத்தேழு. மூன்றாவது நூற்றைம்பத்தொன்று.

முடிக்காரி ஓடிவந்து எண்களைச் சொன்னாள். “எனக்கு அப்பவே தெரியும்க்கா” என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அதன் பிறகு பாய்லர்க்காரர் வாய் திறந்தார். லீவு முடிந்து திங்கள் காலை வந்தபோது, பாய்லரில் தண்ணீர் தீர்ந்ததற்கான சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்ததாம். தண்ணீர் குறைந்தால் பாய்லர் தானே அணைந்துவிடும். சூப்பர்வைசரிடம் சொன்னபோது “சரி விடு, இப்போ மூட்டு” என்றாராம். உண்மை வெளியே வந்த பிறகு அதற்குச் சாட்சி சொல்ல ஆள் கிடைப்பது சுலபம். மிக்ஸரில் தண்ணீர் கூடிவிட்டது என்று ஒரு வாரம் அவளை விரட்டினார்கள். குறைந்திருந்தது பாய்லரில்.

பலகைகளை மறுபடி ஆவியில் வைக்க முடிவானது. அடுத்த தொகுதிக்கான கலவை மறுநாளே போட வேண்டும். மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். இந்த முறை நாற்காலி காலியாக இருந்தது. உட்காரச் சொன்னார்.

“சரி, நடந்தது நடந்து போச்சு. நாளைலயிருந்து மிக்ஸருக்குப் போ. அந்த நோட்டீசைக் கிழிச்சாச்சு.”

“ஒட்டினதை எல்லாரும் பாத்தாங்க சார். கிழிச்சதை யாரும் பாக்கலை.”

“அதுக்கு?”

“அதே போர்டு. அதே சைஸ் தாள். நான் தண்ணி ஊத்தலைன்னு எழுதி ஒட்டுங்க. அப்புறம் மிக்ஸருக்குப் போறேன். அதுவரைக்கும் அச்சு கழுவறேன். பழகிடுச்சு.”

மேனேஜர் வேறு ஆளை வைத்துப் பார்க்கலாமா என்று யோசித்தார். மாவு திரும்பும் சத்தம் தெரிந்த வேறு ஆள் பட்டறையில் இல்லை. மாலைக்குள் தாள் வந்தது. அவள் நிதானமாகப் படித்தாள். ‘கலவையில் தண்ணீர் கூடுதலாகச் சேர்க்கப்படவில்லை எனத் தெரியவருவதால்’ என்று இருந்தது. திருப்பிக் கொடுத்தாள்.

“‘தெரியவருவதால்’ வேண்டாம் சார். சோதிச்சுப் பாத்தோம்ல? ‘சோதனையில் உறுதியானதால்’னு போடுங்க.”

போட்டார்கள். அதற்குக் கீழே இன்னொரு வரி, பதிவேடு பராமரிப்பில் சம்பந்தப்பட்டவர்கள் மேலும் கவனம் செலுத்த வேண்டும் என்றது. சம்பந்தப்பட்டவர் யார் என்று அதில் இல்லை. அவரை யாரும் அச்சு கழுவ அனுப்பவும் இல்லை. பட்டப்பெயரும் சூட்டவில்லை.

மறுநாள் காலை முதல் கலவை. மேனேஜரே நேரில் வந்து மிக்ஸர் பக்கத்தில் நின்றார். தண்ணீரும் மருந்தும் போயின. அவள் மின்பெட்டிக் கதவருகே சாக்பீசோடு நின்றாள். ஐந்து நிமிடம். எட்டு நிமிடம். உள்ளே காய்ந்த சாம்பல் மாவு புரண்டுகொண்டிருந்தது. மேனேஜர் எட்டிப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, ரொம்ப வறண்டு கிடக்கே. கொஞ்சமா தண்ணி விடலாமோ?”

முடிக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வாளி எடுத்துட்டு வரவா சார்?”

மேனேஜர் ஓரடி பின்னால் நகர்ந்தார். மோட்டார் முனகத் தொடங்கியது. அவள் கதவில் பதினொன்று என்று எழுதினாள்.