கதவில் ஒட்டிய சம்மன்

போன வெள்ளிக்கிழமை எனக்கு டீ பார்ட்டி நடந்தது. பத்தி எழுதுகிறவனுக்கு இல்லை. முன்சீப் கோர்ட்டில் சம்மன் சேவகனாகச் சேர்ந்து குமாஸ்தாவாக ரிட்டயர் ஆனவனுக்கு. இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்பது உங்களில் பழைய வாசகர்களுக்குத் தெரியும்.

ஹெட் குமாஸ்தா இங்கிலீஷில் பேசினார். நான் சர்க்காரை சர்வ் செய்தேனாம். பொதுஜனங்களை சர்வ் செய்தேனாம். சேவகனாக இருந்த காலத்தில் என் கைக்கு வந்த சம்மனில் ஒன்றுகூட சர்வ் ஆகாமல் திரும்பியதில்லையாம். அவர் மூச்சு வாங்க நிறுத்திய நேரத்தில் காப்பி கிளப் ஆள் என் காதருகே குனிந்து, "போண்டா சர்வ் பண்ணலாமுங்களா?" என்று கேட்டார்.

இந்த வெள்ளைக்காரனுக்கு எத்தனை வேலைக்குத்தான் ஒரே வார்த்தை! பட்டாளத்தில் இருந்தாலும் சர்வ், ஜெயிலில் இருந்தாலும் சர்வ். பந்தை அடித்தாலும் அதுதான், பந்தி பரிமாறினாலும் அதுதான். கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சடையக் கவுண்டர் ஞாபகம் வந்துவிட்டது.

சேவகனாகச் சேர்ந்த புதிது. கொல்லிமலையில், எடப்புளி நாடு என்கிற ஊர்த்தொகுதியில் அவருக்கு வீட்டோடு சாமைக் காடும் கொஞ்சம் மிளகுக் கொடியும் நாலு பலா மரமும் இருந்தன. அந்த இடம் தன்னுடையது என்று கீழ்நாட்டு வியாபாரி ஒருவர் வழக்குப் போட்டிருந்தார். அதற்கான சம்மனைத்தான் நான் கொண்டு போனேன். காலையில் அடிவாரத்து முள்ளுக்குறிச்சியை விட்டுக் கிளம்பியவன், மலையேறி அவர் வீட்டைக் கண்டுபிடித்தபோது வெயில் உச்சி தாண்டிவிட்டது.

வீட்டில் அவர் மனைவி மட்டும் இருந்தார். நான் யார், எதற்கு வந்தேன் என்று ஒரு கேள்வி இல்லை. "அவிய காட்டுக்குப் போயிருக்காங்க, பொழுது எறங்க வந்துருவாங்க. மொதல்ல சோறு உண்ணுங்க சாமி" என்று இலை போட்டார். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் சட்டம் ஞாபகம் வந்தது. சம்மனைப் பெண்பிள்ளை கையில் கொடுத்தால் செல்லாது. ஆளைத் தேட வேண்டும், தேடியும் அகப்படாவிட்டால் கதவில் ஒட்டலாம். நான் தேடினேனா? இல்லை. பொழுது இறங்குவதற்குள் நான் மலை இறங்கியாக வேண்டுமே! 'தேடியும் அகப்படவில்லை' என்று எழுதிக்கொண்டேன்.

ஒட்டுவதற்குப் பசை இல்லை. கொஞ்சம் சோறு கேட்டேன். எனக்கு இன்னும் பசி என்று நினைத்து அந்தம்மாள் அகப்பை நிறைய எடுத்து வந்தார். அந்தச் சோற்றைப் பிசைந்து அவர் வீட்டுக் கதவிலேயே ஒட்டினேன்.

"சர்க்கார் காகிதம். யாரும் கிழிக்கக் கூடாது" என்று சொன்னேன். அதோடு சரி. கோர்ட், வழக்கு, வாய்தா தேதி எதையும் சொல்லவில்லை. பெண்பிள்ளையிடம் என்னத்தைச் சொல்வது என்ற திமிர்தான்.

வாய்தா அன்று சடையக் கவுண்டர் வரவில்லை. எதிர்க்கட்சி இல்லாமலே வழக்கு முடிந்தது, வியாபாரிக்கு ஜெயம். இடத்தைக் காலி செய்யவைத்து ஒப்படைக்கக் கோர்ட் அமீனா கிளம்பினார். வழி தெரிந்தவன் என்று என்னையும் கூட அனுப்பினார்கள்.

கதவில் என் சம்மன் அப்படியே இருந்தது. நனைந்துவிடக் கூடாது என்று அதற்கு மேலே புல்லைக் கற்றையாகக் கட்டி இறக்கியிருந்தார்கள். காட்டில் களை மண்டிக் கிடந்தது. வீட்டைச் சுற்றி ஒரு வேலி — அந்த வேலியைத் தாண்டி யாரும் காலடி வைத்த தடமே இல்லை.

சடையக் கவுண்டர் கைகட்டி நின்று சொன்னார்: "நீங்க சொன்னாப்புலயே இருந்தோமுங்க. நாங்க எங்கயும் போவுலீங்க, ஊட்டுக்கும் ஆரையும் வர உடுலீங்க. ஒட்டுனவிய வந்து எடுக்கோணுமில்லீங்க?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. கேட்கக் கேட்கத்தான் புரிந்தது. நான் சம்மன் ஒட்டியதற்கு முந்தின மாதம் பக்கத்துக் குக்கிராமத்தில் அம்மை வந்திருக்கிறது. அம்மை கண்ட வீட்டுக் கதவுகளில் ஊசி போடுகிற சர்க்கார் ஆள் காகிதம் ஒட்டியிருக்கிறார். ஒட்டியவரே வந்து பிய்க்கும் வரை அந்த வீட்டார் வெளியே போகக் கூடாது, வெளியார் உள்ளே வரக் கூடாது என்று உத்தரவு. மலைக்காரர்களுக்கு அம்மை கண்ட வீட்டின் கட்டுப்பாடு புதிதா என்ன? எழுத்துக்கு எழுத்து அப்படியே நடந்தார்கள். என் காகிதத்தையும் அதுவென்றே நினைத்துவிட்டார்கள். வீட்டில் யாருக்கும் காய்ச்சல்கூட இல்லையே? சர்க்காருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்று நம்பினார்களாம்! எடப்புளி நாட்டில் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் உண்டு. அவரும் கதவில் இருந்த காகிதத்தைத் தூரத்திலிருந்து பார்த்ததுமே திரும்பிப் போய்விட்டார்.

வாய்தா அன்றும் அந்தக் குடும்பம் வேலிக்குள்தான் உட்கார்ந்திருந்தது. சட்டத்தை மதித்து.

நான் காகிதத்தைப் பிய்த்தேன். சடையக் கவுண்டர் முகம் மலர்ந்து கேட்டார்: "இனி வெளிய போலாமுங்களா சாமி?"

வெளியே போகச் சொல்லத்தான் நாங்கள் வந்திருந்தோம். அதை அமீனாதான் சொன்னார். அந்தம்மாள் உலையில் போட்டிருந்த அரிசியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தார்.

கீழே வந்ததும் ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டேன். ஆளைத் தேடாமலே ஒட்டினேன் என்று நான் கூண்டேறிச் சொன்னால் போதும், வழக்கை மறுபடி எடுக்கலாம் என்றார். சொன்னால் என் வேலை போகும். அப்போதுதான் எனக்குக் கல்யாணமாகியிருந்தது.

நான் சொல்லவில்லை. அவர்கள் மலையிலேயே குண்டனி நாட்டுப் பக்கம் கூலிக்குப் போனதாகக் கேள்வி. தேடிப் போகவும் எனக்குத் தைரியம் வரவில்லை. அன்றைக்குத் தேடாதவன் இனிமேலா தேடப் போகிறேன்?

வெள்ளிக்கிழமை எல்லோரும் கைதட்டினார்கள். ஹெட் குமாஸ்தா சொன்னது சத்தியம்தான் — ரெக்கார்டைப் பாருங்கள், அந்தச் சம்மனும் சர்வ் ஆகியிருக்கிறது.